மேகமா, விண்மீனா?
அஸ்ஸூஃபி முதல் யூக்ளிட் வரை மங்கிய ஒளியின் வரலாறு

மார்கழி மாத முன்னிரவில் வடதிசை வானை நோக்குவோருக்குப் பெர்சியுஸ் என்னும் விண்மீன் கூட்டம் உயரே தென்படும். அக்கூட்டத்தில் ஒரு விண்மீன் ஏறத்தாழ 2 நாள் 21 மணி நேரத்திற்கு ஒருமுறை மங்கி மீண்டும் ஒளிர்கிறது. உலகெங்கும் அதற்கு வழங்கும் 'அல்கோல்' என்னும் பெயர் அரபியின் ரஃஸுல் கூல், அதாவது கூல் என்னும் பூதத்தின் தலை, என்பதன் திரிபே. அவ்விண்மீனிலிருந்து முழுநிலவுகள் நான்கை வரிசையாக அடுக்கிய அளவு தொலைவில், வெறுங்கண்ணுக்கு ஏதுமற்றதாகத் தோன்றும் ஓரிடம் உண்டு. 2023 நவம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமை, தன் யூக்ளிட் தொலைநோக்கி எடுத்த முதற் படங்களை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்று அந்த இடத்தின் படமாக இருந்தது. 24 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஆயிரம் விண்மீன் மண்டலங்கள் ஒரே ஈர்ப்பினால் கட்டுண்டு திரளும் பெர்சியுஸ் கொத்து அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படத்தில் மண்டலங்களைக் காண்பது எளிது. மண்டலங்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் ஒளியைக் காண்பதுதான் அரிது. எந்த மண்டலத்திற்கும் சொந்தமில்லாத விண்மீன்கள், கொத்தின் பொது ஈர்ப்பில் மட்டும் கட்டுண்டு, தனித்தனியாக அலைகின்றன. கோடானுகோடியாக அவை சேர்ந்து தரும் ஒளியோ, நிலவில்லாத இரவின் மிக இருண்ட வானத்தைவிட நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை மங்கலானது. வானியலார் இதனைக் கொத்திடை ஒளி என்பர். இந்த ஒளியின் ஆராய்ச்சி வரலாற்றைப் படிக்கும்போது, நம் முன்னோர் பால்வீதியைப் பற்றி எழுப்பிய கேள்விகளே வேறு அளவில் திரும்ப வருவதைக் கண்டு நாம் வியந்தோம். அதைக் கூறுமுன் ஒரு தவறான பெருமிதத்தைக் களைய வேண்டியுள்ளது.

மீலாத் மேடைகளிலும் சிறு நூல்களிலும் 'ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை கி.பி. 964இலேயே ஒரு முஸ்லிம் கண்டுபிடித்தார்' என்னும் வாசகம் அடிக்கடி கேட்கிறது. அதற்கு அடிப்படையான செய்தி உண்மையானதே. ரையில் பிறந்து, புவைஹி அரசர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் பணியாற்றிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி (903 – 986), 964 அளவில் 'கிதாபு ஸுவரில் கவாகிபிஸ் ஸாபிதா' என்னும் நிலைத்த விண்மீன்களின் நூலை எழுதினார். தாலமியின் அல்மஜஸ்தியில் உள்ள 48 விண்மீன் கூட்டங்களையும் அவர் தம் கண்ணாலேயே மீண்டும் பார்த்தார். ஒவ்வொரு விண்மீனின் ஒளித்தரத்தையும் சரிபார்த்தார். தாலமி தவறியதாகத் தமக்குப் பட்ட இடங்களைத் தயங்காமல் குறித்தார். கிரேக்க உருவங்களுக்கு அருகே பாலைவன அரபிகள் வழங்கிய பெயர்களையும் உருவங்களையும் தொகுத்தார். அந்நூலில் ஆண்ட்ரோமெடாவைப் பற்றிய பகுதியில், அரபிகள் மீனாக உருவகித்த விண்மீன் வரிசைகளைக் கூறுமிடத்தில், 'லத்கா ஸஹாபிய்யா' என்று ஒன்றைக் குறிக்கிறார். மேகம் போன்ற ஒரு தீற்றல் என்பது இதன் பொருள். தாலமியின் பட்டியலில் இல்லாத அத்தீற்றலே இன்று நாம் அறியும் ஆண்ட்ரோமெடா மண்டலம். இதற்கு முன் எழுதப்பட்ட தெளிவான குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் அஸ்ஸூஃபி இதைத் தம் கண்டுபிடிப்பாகக் கூறவில்லை. அரபிகள் தம் மீன் உருவத்தில் காட்டும் அடையாளமாகவே சொல்லிச் செல்கிறார். அது நம் பால்வீதியைப் போன்ற மற்றொரு மண்டலம் என்பதும், அதன் ஒளி நம்மை அடைய 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்பதும் அவர் அறிந்தவையல்ல. அக்காலத்தில் யாரும் அறிந்திருக்க முடியாதவை. பார்த்ததைப் பார்த்தபடி, பார்க்காததைச் சேர்க்காமல் எழுதியவர் அவர். அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 'மேகம் போன்ற' என்று அவர் எழுதினாரேயன்றி 'மேகம்' என்று எழுதவில்லை. நம் மேடைகள் பாராட்ட வேண்டியது அந்த ஒரு சொல்லின் கவனத்தையே என்பது நம் கருத்து.

உண்மையான சிந்தனைப் போர் நிகழ்ந்தது வேறோர் இடத்தில். அது மஜர்ரா என அரபியில் வழங்கும் பால்வீதியைப் பற்றியது. அது வானத்தின் குறுக்கே நீளும் வெண்மை, மேகமா, விண்மீனா? அரிஸ்டாட்டில் தம் 'வானிலையியல்' நூலில் அதைக் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் எரியும் ஆவி என்றார். விண்ணுலகம் மாறாதது, நிறைவானது என்னும் அவரது கொள்கைக்கு ஒழுங்கற்ற அந்த வெண்மை இடையூறாக இருந்தது. எனவே அதை நிலவுக்குக் கீழே தள்ளிவிட்டார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் உரையாசிரியர்களே இதை ஐயுற்றதுண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதே முறை.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் (965 – சுமார் 1040) இக்கேள்வியை அளவையின் கேள்வியாக மாற்றினார். ஒரு விரலை முகத்தின் முன் நீட்டி இடக்கண்ணாலும் வலக்கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தால், பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். இதுவே இடமாறு தோற்றம். அருகிலுள்ள பொருளுக்கு இது பெரிதாகவும் தொலைவிலுள்ளதற்குச் சிறிதாகவும் இருக்கும். நிலவுக்கே இத்தகைய பெயர்ச்சி அளக்கத்தக்க அளவு உண்டு. பால்வீதி நிலவுக்கும் கீழே, நம் காற்றுக்குள் இருப்பது உண்மையாயின், வெவ்வேறு ஊர்களிலிருந்து நோக்குவோருக்கு அது வெவ்வேறு விண்மீன்களின் மீது படிந்ததாகத் தோன்ற வேண்டும். அவ்வாறு தோன்றவில்லை, எங்கிருந்து பார்த்தாலும் அதே விண்மீன்களின் ஊடாகவே செல்கிறது. ஆகவே அது காற்றுக்குரியதன்று, மிகத் தொலைவிலுள்ளது என்பது அவரது முடிபு. அது எதனால் ஆனது என்னும் கேள்விக்கு முன், அது எங்கே இருக்கிறது என்னும் கேள்வியைத் தீர்த்துக்கொண்ட ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்.

எதனால் ஆனது என்பதற்கு அவர் காலத்தவரான அல்பீரூனி (973 – 1048), மேகத்தன்மை கொண்ட விண்மீன்களின் எண்ணற்ற துணுக்குகளின் தொகுதி என்று விடை தந்தார். அந்தலூஸின் இப்னு பாஜ்ஜா (மறைவு 1138), ஏறத்தாழ ஒன்றையொன்று தொடுமளவு நெருங்கிய விண்மீன்களே அவை. இடையிலுள்ள ஊடகத்தில் ஒளி விலகுவதால் தொடர்ச்சியான ஒரே படலமாகத் தோன்றுகின்றன என்றார். வியாழனும் செவ்வாயும் மிக நெருங்கி நின்றபோது இரண்டும் சேர்ந்து நீண்ட ஒரே உருவாய்த் தெரிந்ததைத் தாம் கண்டதாகச் சான்றும் காட்டினார். விளக்கம் பிழை; ஆனால் சிறு நிகழ்விலிருந்து பெரிய ஒன்றை அணுகும் முறை பிழையன்று. மராகா வான்நோக்ககத்தை நடத்திய நஸீருத்தீன் தூஸி (1201 – 1274) தம் 'தத்கிரா'வில், மிகச் சிறியனவும் மிக நெருங்கியனவுமான விண்மீன்களே தம் சிறுமையாலும் செறிவாலும் மேகத் திட்டுகளாகத் தோன்றுகின்றன என்று ஐயத்திற்கு இடமின்றி எழுதினார். இவர்களுள் எவரிடமும் தொலைநோக்கி இல்லை. 1610இல் கலீலியோ தம் கருவியைத் திருப்பியபோது பால்வீதி தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து தெரிந்தது. அறிவால் ஊகித்ததைக் கண் ஏற்றுக்கொண்டது.

இதன்பின் வந்த மூன்று நூற்றாண்டுகளில் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1612இல் சைமன் மாரியுஸ் ஆண்ட்ரோமெடாவின் தீற்றலைத் தொலைநோக்கியில் நோக்கினார், விண்மீனாகப் பிரியவில்லை. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ கூட்டத்திலுள்ள ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அது விண்மீன் திரளன்று, ஒளிரும் வாயுவே என்று காட்டினார். ஆக, 'மேகமா, விண்மீனா' என்பதற்குச் சில இடங்களில் 'மேகமே' என்பதும் சரியான விடையாயிற்று. 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள், வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவில் ஒளி மாறும் செபீட் விண்மீன் ஒன்றைக் கண்டு அதன் தொலைவை அளந்தார். அஸ்ஸூஃபியின் தீற்றல் தனியொரு மண்டலம் என்பது அப்போதுதான் உறுதிப்பட்டது.

மண்டலங்கள் தனித்தனித் தீவுகள் என்று தெளிந்தவுடன், தீவுகளுக்கு இடையிலுள்ள கடலில் ஏதேனும் உண்டா என்னும் கேள்வி எழுந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கலிஃபோர்னியாவில் பணியாற்றியபோது கோமா கொத்தை ஆராய்ந்தார். அதன் மண்டலங்கள் விரையும் வேகத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும் இருந்தால் கொத்து சிதறிப் போயிருக்கும் என்று 1933இல் காட்டி, கரும்பொருள் என்னும் கருத்தை முன்வைத்தவர் அவர். 1951இல் அதே கொத்தைப் பற்றி எழுதுகையில், மண்டலங்களுக்கு இடையே மிக மங்கிய ஒளியுடைய பொருள் பரந்து கிடப்பதாகக் குறித்தார். ஒளிப்படத் தகடுகளின் எல்லைக்கே தள்ளப்பட்ட கூற்று அது, எளிதில் ஏற்கப்படவில்லை. தொலைநோக்கியின் குழலுக்குள் சிதறும் ஒளி, தகட்டின் சீரின்மை, வானத்தின் இயல்பான ஒளிர்வு ஆகிய ஒவ்வொன்றும் அதே அளவு மங்கிய போலி ஒளியைத் தோற்றுவிக்கக்கூடியவை. 1977இல் துவான், கோர்மெண்டி இருவரும் கோமாவின் பரவிய ஒளியைக் கவனமாக அளந்த பின்னரே அதன் இருப்பு உறுதியாகத் தொடங்கியது.

ஆனால் பழைய கேள்வி அப்படியே நின்றது. பரவிய ஒளி விண்மீன்களுடையதா, வேறொன்றா? விடை 1996இல் எதிர்பாராத வழியில் வந்தது. மாக்டா அர்னபோல்டியும் அவர் குழுவினரும் விர்கோ கொத்திலுள்ள எம்86 என்னும் மண்டலத்தில் கோள்வடிவ நெபுலாக்களின் வேகத்தை அளந்தனர். இறக்கும் தறுவாயிலுள்ள விண்மீன் உதிர்க்கும் வாயுக் கூடே கோள்வடிவ நெபுலா. அது குறிப்பிட்ட ஒரு நிறத்தில் ஒளிர்வதால் மிகத் தொலைவிலும் தனியே தெரியும். எம்86 நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும் மண்டலம். அதற்குரியவை என்று கருதப்பட்டவற்றுள் மூன்று மட்டும் நொடிக்கு 1400 கிலோமீட்டர் அளவில் நம்மை விட்டு விலகிச் சென்றன. ஒரு வீட்டின் முற்றத்தில் நிற்பவருள் மூவர் வழிப்போக்கர் என்று தெரிய வந்ததைப் போன்றது இது. அவை எம்86இன் குடிகளல்ல, விர்கோ கொத்தில் தனியே அலைபவை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1998இல், ஃபெர்கூசனும் அவர் தோழர்களும் ஹப்பிள் விண்தொலைநோக்கியை விர்கோவின் வெற்றிடம் ஒன்றை நோக்கித் திருப்பி, அங்கும் செம்பூத விண்மீன்கள் இருப்பதைக் கண்டனர். பால்வீதிக்கு கலீலியோ செய்ததை, மண்டலங்களின் இடைவெளிக்கு இவர்கள் செய்தனர்.

இவ்விண்மீன்கள் வெறுவெளியில் பிறந்தவையாக இருக்க முடியாது. எவ்வாறு வீடிழந்தன என்பதை அறிய, கோடிக்கணக்கான ஆண்டுகள் நீளும் நிகழ்வை எவரும் காத்திருந்து காண இயலாது. மாதிரி செய்தே பார்க்க வேண்டும். இத்துறையின் முதல் மாதிரி கணினியில் பிறக்கவில்லை என்பது சுவையான செய்தி. 1941இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக் ஹோல்ம்பெர்க் 74 மின்விளக்குகளை ஒரு தளத்தில் பரப்பினார். மண்டலம் ஒன்றுக்கு 37 விளக்குகள். தொலைவு இரட்டித்தால் ஒளியும் நான்கில் ஒன்றாகும், ஈர்ப்பும் நான்கில் ஒன்றாகும். எனவே ஒவ்வோர் இடத்திலும் விழும் ஒளியை ஒளிமின்கலத்தால் அளந்து, அதையே ஈர்ப்பாகக் கொண்டு, விளக்குகளைச் சிறிது சிறிதாக நகர்த்தினார். ஈர்ப்புக்கு ஒளியே பதிலியாக நின்றது. இரு மண்டலங்களும் அருகே கடக்கையில் உருக்குலைவதை அவர் கண்டார். 1972இல் அலார் தூம்ரே, யூரி தூம்ரே என்னும் சகோதரர்கள் கணினியில் அதைச் செய்து, மோதும் மண்டலங்களிலிருந்து நீண்ட வால்களாக விண்மீன்கள் பிய்த்தெறியப்படுவதைக் காட்டினர். அதே ஆண்டில் கல்லாகரும் ஆஸ்ட்ரைக்கரும், கொத்துகளில் நிகழும் இத்தகைய மோதல்களின் சிதறல்களுக்கும் நடுவிலுள்ள பெருமண்டலத்தின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கொத்து முழுவதையும் கணினியில் வளர்த்தெடுக்க முடிகிறது. ஆதியில் ஏறத்தாழச் சீராகப் பரவியிருந்த பொருளைக் கொடுத்து, ஈர்ப்பின் விதியையும் வாயு குளிர்ந்து விண்மீனாகும் விதிகளையும் இட்டு, 1,300 கோடி ஆண்டுகளை ஓடவிடுகின்றனர். கரும்பொருள் முடிச்சுகளாகத் திரள்கிறது. முடிச்சுகளில் மண்டலங்கள் பிறக்கின்றன. மண்டலங்கள் கொத்தை நோக்கி விழுகின்றன. விழும் மண்டலத்தின் ஓரத்து விண்மீன்களைக் கொத்தின் ஈர்ப்பு உரித்தெடுக்கிறது. சில சிறு மண்டலங்கள் முற்றிலும் கரைந்து போகின்றன. நடுவிலுள்ள பெருமண்டலத்துடன் பிற மண்டலங்கள் கலக்கும்போதும் ஏராளமான விண்மீன்கள் வெளியே தெறிக்கின்றன. இவற்றுள் எது முதன்மையான காரணம் என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒருமித்தவர் அல்லர். மாதிரிகளை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. 2018இல் முடிவுகள் வெளியான இலஸ்ட்ரிஸ் டிஎன்ஜி திட்டத்தின் மிகப் பெரிய மாதிரியில் ஒரு 'விண்மீன் துகள்' என்பது ஏறத்தாழ ஒரு கோடி சூரியன்களின் நிறைக்குச் சமம். அங்கே தனி விண்மீன் என்று ஒன்று இல்லை. துகள்கள் பருத்தவையாயிருந்தால் சிறு மண்டலங்கள் இயல்பைவிட எளிதில் சிதைந்து, இடைவெளியின் ஒளியை மிகுவித்துக் காட்டும் அபாயமும் உண்டு.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றை மாதிரிகளே வெளிக்கொணர்ந்தன. மண்டலம் எங்கே முடிகிறது? இடைவெளி எங்கே தொடங்குகிறது? நடுவிலுள்ள பெருமண்டலத்தின் ஒளி வெளியே போகப் போக மெல்ல மங்கி, எந்த எல்லைக் கோடும் இல்லாமல் பரவிய ஒளியில் கலந்துவிடுகிறது. நோக்குவோர் ஒரு குறிப்பிட்ட ஒளிர்வைவிட மங்கியதெல்லாம் இடைவெளியின் ஒளி என்று வரையறுத்தனர். கணினி மாதிரி செய்வோருக்கோ ஒவ்வொரு துகளின் வேகமும் வரலாறும் தெரியும்; எனவே மண்டலத்தின் ஈர்ப்புக்குக் கட்டுப்படாதவை எவை என்று கணக்கிட்டனர். 2010இல் டோலாக், முரான்டே, போர்கானி ஆகியோர், நடுப்பகுதியின் விண்மீன்கள் வேகத்தால் இரு குடிகளாகப் பிரிவதைக் காட்டினர். மெதுவாகச் செல்வன பெருமண்டலத்திற்கு உரியவை. விரைந்து செல்வன கொத்துக்கு உரியவை. ஆனால் வானத்தில் நாம் காண்பது ஒளியை மட்டுமே. பரவிய ஒளியின் ஒவ்வொரு விண்மீனுடைய வேகத்தையும் அளக்க இயலாது.

2011இல் ரூடிக், மிஹோஸ், மெக்பிரைடு ஆகிய மூவரும் இவ்வரையறைகள் பலவற்றையும் தம் மாதிரிக் கொத்துகளின் மீது ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தனர். அனைத்துக் கொத்துகளையும் அனைத்து முறைகளையும் சேர்த்து நோக்க, மொத்த ஒளியில் இடைவெளியின் பங்கு 9 விழுக்காடு முதல் 36 விழுக்காடு வரை வந்தது. ஒரே கொத்தில், முறையை மாற்றியதாலேயே பங்கு இரண்டு மடங்கு வரை மாறியது. விண்மீன்களின் இன்றைய இடத்தை மட்டும் நோக்கிய முறைகள் குறைவாகவும், அவற்றின் வேகத்தையும் கடந்த காலத்தையும் கணக்கிட்டவை மிகுதியாகவும் காட்டின. விடை வேறுபட்டது பொருளால் அன்று, வரையறையால் என்பதை அறிந்தபின் பலர் தம் கேள்வியையே திருத்திக்கொண்டனர். டிஎன்ஜி மாதிரிகளை 2018இல் ஆராய்ந்த பிலெபிச் குழுவினர், பெருமண்டலத்தையும் பரவிய ஒளியையும் கட்டாயப்படுத்திப் பிரிக்காமல், நடுவிலிருந்து இத்தனை தொலைவுக்குள் இவ்வளவு, அப்பால் இவ்வளவு என்று கணக்கிட்டனர். மிகப் பெரிய கொத்துகளில், நடுவிலிருந்து ஏறத்தாழ 3 இலட்சத்து 26 ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலேயே அதற்கு உள்ளிருப்பதைவிட மிகுதியான விண்மீன் நிறை பரவிக் கிடந்தது. சொல்லின் வரம்பைத் தீர்மானிக்காமல் பொருளின் அளவைப் பேச முடியாது என்பதை உஸூலுல் ஃபிக்ஹ் பயின்ற நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது ரஃஸுல் கூலின் அருகிலுள்ள அந்த இடத்திற்கு மீள்வோம். யூக்ளிடின் படத்தை ஆராய்ந்த குழு 2024இல் தன் முடிவுகளை வெளியிட்டது. அக்குழு முதலில் எதிர்கொண்டது இப்னுல் ஹைதமின் கேள்வியையே. பெர்சியுஸ் கொத்து பால்வீதியின் தளத்திற்கு அருகே தென்படுவதால், நம் மண்டலத்தின் மெல்லிய தூசுப் படலங்கள் அதன்மேல் திரையிடுகின்றன. அத்தூசு விண்மீன் ஒளியைச் சிதறடித்து, தானும் மங்கலாக ஒளிர்கிறது. படத்தில் தெரியும் மங்கிய ஒளி 24 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ளதா, நம் வாசலிலேயே உள்ளதா? இத்தொலைவுகளில் இடமாறு தோற்றம் உதவாது. தூசு அகச்சிவப்பு அலைகளில் ஒளிர்வதால், அந்த அலைகளில் எடுத்த வரைபடங்களைக் கொண்டு அருகிலுள்ளதைக் கணித்து விலக்க வேண்டியிருந்தது.

விலக்கிய பின் எஞ்சியதிலிருந்து அவர்கள் தந்த எண் கருதத்தக்கது: நடுவிலிருந்து ஏறத்தாழ 16 இலட்சம் ஒளியாண்டுகளுக்குள், கொத்தின் மொத்த ஒளியில் சுமார் 38 விழுக்காடு. இது இடைவெளியின் ஒளி மட்டுமன்று. என்ஜிசி 1275 என்னும் நடுப் பெருமண்டலமும் அதில் அடக்கம். இரண்டையும் சேர்த்தே எண்ணைத் தந்தனர். அத்துடன், வெளிப்புறத்தில் பரவிய ஒளியின் மையம் என்ஜிசி 1275இல் இல்லை. அதற்கு மேற்கே ஏறத்தாழ 2 இலட்சம் ஒளியாண்டுகள் விலகி, கொத்தின் வேறு சில ஒளிமிக்க மண்டலங்கள் நிற்கும் திசையில் சாய்ந்திருக்கிறது. எந்த மண்டலத்தையும் சேராத பந்து வடிவ விண்மீன் திரள்களும் அங்கே அதே சாய்வில் பரவியுள்ளன. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தமையால் இப்படியா, அல்லது ஒரே ஈர்ப்பு இரண்டையும் ஒருசேர ஆள்வதாலா என்பதை அக்குழு தீர்த்துச் சொல்லவில்லை. இரண்டு வாய்ப்புகளையும் அருகருகே எழுதி நிறுத்தியிருக்கிறது.